இடது பக்கத்தில் ஒரு வாய்

முதன்முதலில் இரத்தத்தைப் பார்த்தது ஒரு சாம்பல் புதன் காலையில். உயிர்த்த ஞாயிற்றுக்கு முன்னால் வரும் லெந்து என்ற நோன்புக் காலம் அன்றுதான் தொடங்குகிறது. கழிவறைக் கோப்பையின் வெள்ளையில் மெல்லிய சிவப்புக் கோடு. வாளித் தண்ணீரை ஊற்றினேன், கோடு மறைந்தது. சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கை கழுவிவிட்டுச் சபைக்குப் போனேன். மனிதன் மண்தான் என்று நினைவூட்டும் சாம்பலை நெற்றியில் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அந்தச் சிவப்பு அப்போது நினைவில் இல்லை. மூலம் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன்.

நான் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியன். இலங்கை மலையகத்தில், டிக்கோயாவிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதையில், தேயிலைச் சரிவொன்றில் துரைமார் காலத்துக் கருங்கல் ஆலயம் இருக்கிறது. அதுதான் எங்கள் சபை. அதன் கல்லறைகள், அங்கே பணியாற்றிய போதகர்கள், மண் சரிந்த வருடங்கள், தார் போட்ட பாதை வந்த வருடம் எல்லாவற்றையும் வாழ்நாள் முழுவதும் குறித்து வருகிறேன். நாள் குறிக்காமல் எதையும் எழுதாதவன். இந்தக் கட்டுரையில் மட்டும் தேதிகள் இல்லை. எழுதித்தான் பார்த்தேன். நோயாளிக்கு அவை எதையும் சொல்லவில்லை என்று பட்டது. சபையின் காலங்களை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

இதே நோயோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். அவர்களிலும், வெட்கத்தால் வாய் திறக்காமல் இருப்பவர்களுக்காக. உங்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மலத்தில் இரத்தம் வந்தால் அது மூலம் என்று நீங்களே தீர்மானிக்காதீர்கள். நான் தீர்மானித்தேன். ஹட்டன் பார்மசியில் களிம்பு வாங்கியபோதுகூட, வீட்டில் ஒரு வயதானவருக்கு என்றுதான் சொன்னேன்.

லெந்து முழுவதும் கோடு வந்தது. சில நாட்களில் கோடாக இல்லாமல் கட்டியாக வந்தது. நான் எல்லா வேலைகளையும் வழக்கம்போலச் செய்தேன். சபைச் செயலாளர் நான்தான். உயிர்த்த ஞாயிற்றுப் பாதுகாப்பு ஏற்பாடும் என்னுடையதுதான்.

சில வருடங்களுக்கு முன் இந்த நாட்டில், ஓர் உயிர்த்த ஞாயிறு காலையில், வெடிகுண்டுகளைச் சுமந்து ஆலயங்களுக்குள் நுழைந்தார்கள். வழிபட வந்தவர்கள் இருந்த இடத்திலேயே இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஒரு நாளில் எங்கள் சிறிய சபைக்கும் ஆமிக்காரர்கள் காவலுக்கு வருகிறார்கள். வாசலில் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். தெரிந்த முகங்களை அப்படியே விட்டுவிடலாமே என்று சிலர் கேட்டபோது நான்தான் மறுத்தேன். போதகரையும் சோதிக்க வேண்டும், என்னையும் சோதிக்க வேண்டும், விதிவிலக்கு ஒருவருக்கும் இல்லை. அந்த ஏற்பாட்டைச் சபை ஏற்றுக்கொண்டது. அந்த வருடம் நானே கையை விரித்து முதலில் நின்றேன். களிம்பின் வாசனை வெளியே தெரிகிறதோ என்பது மட்டுமே அப்போது என் கவலை.

மனைவியிடம் சொன்னது பெந்தெகொஸ்தே ஞாயிறன்று. உயிர்த்த ஞாயிற்றிலிருந்து ஏழு வாரம் தள்ளி வரும் நாள் அது. சொன்னதாகக்கூட எழுத முடியாது. என் உள்ளாடையை அவள் கல்லில் துவைக்கப் போட்டபோது பார்த்துவிட்டாள்.

“இது எத்தன நாளா?” என்று ஜெயராணி கேட்டாள்.

“கொஞ்ச நாளா.”

“எல்லாத்துக்கும் தேதி வச்சிருக்கிற ஆளு நீங்க. இதுக்கு மட்டும் கொஞ்ச நாளாவா?”

டிக்கோயா ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே கொலோனொஸ்கொப்பி (கமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்ப்பது) செய்தார்கள். பிறகு பயொப்ஸி (சந்தேகமான இடத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது). மலக்குடலின் கீழ்முனையில் புற்றுநோய் என்று தெரிந்தது. கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவியிருக்கவில்லை.

சத்திரசிகிச்சை வைத்தியர் கண்டியைச் சேர்ந்த தமிழர். என்னைவிட மிகவும் இளையவர். ஒரு தாளில் குடலைப் படமாக வரைந்து, கீழ்முனையில் பேனையால் வட்டமிட்டார்.

“சேர், இது வாசலுக்கு ரொம்பக் கிட்ட இருக்கு. முதல்ல கதிர்ச் சிகிச்சை குடுத்துச் சுருக்குவோம். அப்புறம் வெட்டி எடுக்கணும். எடுத்தா அந்த வாசலும் போயிரும். அத மூடித் தச்சிருவோம்.”

“அப்ப மலம்?”

“வயித்துல இடது பக்கத்துல ஒரு வாய் வைப்போம். ஸ்டோமான்னு சொல்லுவாங்க (குடலின் முனையை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து தைப்பது). அதுக்கு மேல ஒரு பை ஒட்டணும். அதுல சேரும்.”

“எவ்வளவு காலத்துக்கு?”

அவர் பேனையை மூடினார். “நிரந்தரமா, சேர். ஆனா உயிரோட இருப்பீங்க.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் முகத்தில் தெரிந்த ஆச்சரியத்தை இன்னும் மறக்கவில்லை. உயிரைத் தருகிறேன் என்று சொல்பவரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்பவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

நான் ஏன் யோசித்தேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் அப்பா தோட்டத்தில் வாசக்கூட்டி. தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களின் கழிவறைகளையும் கழிவுநீர்க் கான்களையும் சுத்தம் செய்பவரைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் லயக் காம்பரா மற்ற லயங்களிலிருந்து தள்ளி, ஓடைக்குக் கீழே இருந்தது. அப்பா வேலை முடிந்து ஓடையில் நெடுநேரம் குளிப்பார். குளித்துவிட்டு வந்தும் எங்களைத் தொட மாட்டார்; கையை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி இறங்கிப் போவார்.

எங்கள் சபையில், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்துக்கு ஒரே பாத்திரம். எல்லாரும் முன்னால் போய் மரக் கிராதியில் முழந்தாளிடுவோம். போதகர் பாத்திரத்தை ஒருவர் வாயிலிருந்து அடுத்தவர் வாய்க்குக் கொண்டுபோவார். அப்பா எல்லாரும் குடித்து எழுந்த பிறகுதான் போவார். கடைசி ஆளாக, தனியாக. அப்படிச் செய்யச் சபையில் ஒருவரும் சொன்னதில்லை. அப்படிச் செய்யாதே என்றும் ஒருவரும் சொன்னதில்லை.

நான் படித்து, ஆசிரியனாகி, கிராதிக்கு முதல் ஆளாகப் போகிறவனானேன். வெள்ளைச் சட்டை, வெட்டிய நகம், துளி சென்ட். ஆயுள் முழுவதும் என் உடம்பிலிருந்து ஒரு வாடையும் வராமல் பார்த்துக்கொண்டேன். அப்படிப்பட்டவனின் வயிற்றில் ஒரு பையைக் கட்டித் தொங்கவிடுகிறேன் என்றார் வைத்தியர்.

திரும்பும் வழியில் பஸ் கினிகத்தேனையில் தேநீருக்கு நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். நாங்கள் இறங்கவில்லை.

“எனக்கு வேண்டாம்,” என்றேன்.

“டீயா?”

“ஆப்பரேசன்.”

ஜெயராணி தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து முடித்ததும் சுளையை என் கையில் வைத்தாள்.

“சாவு வீட்டுலயெல்லாம் முன்னுக்கு நின்னு நீங்கதானே பேசுறீங்க. ஆண்டவர்கிட்ட அரைப்பேரு கெடையாதுன்னு.”

தோட்டத்தில் நாள் வேலைக்குப் பதிவதைப் பேர் என்பார்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். நான் அடக்கங்களில் பேசும்போது அதைச் சொல்வது வழக்கம். நித்திய ஜீவன் சம்பளமல்ல. காலையில் பேர் பதியும் பெரட்டுக்கு நேரத்துக்கு வந்தவனுக்கும் வராதவனுக்கும் சும்மா கிடைப்பது. நிறுத்துப் பார்க்கத் தராசு இல்லை. அங்கே அரைப்பேர் கிடையாது. தோட்டத்து ஆட்கள் இதற்குத் தலையாட்டுவார்கள். கிறிஸ்தவர் அல்லாதவர்கள்கூட.

“அதுக்கும் இதுக்கும் என்ன?” என்றேன்.

“சும்மா குடுக்கிறாருன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவீங்க. இப்ப சும்மா குடுக்கிற உசிர, இப்பிடிக் குடுத்தா வேணாம், அப்பிடிக் குடுத்தாத்தான் வேணுங்குறீங்க. ஒங்களுக்கு அந்தஸ்தோட வேணும்.” அவள் குரல் உயர்ந்தது. “நான் ஒங்கள அடக்கம் பண்ணிட்டு, அவரு ரொம்பச் சுத்தமா செத்தாருன்னு சொல்லிக்கிட்டுத் திரியவா?”

நான் தோடம்பழத்தைத் தின்றேன். பஸ் கிளம்பியது. நான் அப்போதே தோற்றுவிட்டேன். என் பிரசங்கத்தை நான் ஒருபோதும் நம்பவில்லையோ என்ற கேள்வி எனக்குள் வந்துவிட்டது. எல்லாருக்கும் இலவசம் என்று நான் சொன்னபோது, எனக்கு மட்டும் என் வெள்ளைச் சட்டைக்காகக் கொடுக்கிறார் என்று நினைத்திருக்கிறேன்.

கதிர்ச் சிகிச்சைக்குக் கண்டியில் ஒரு உறவினர் வீட்டில் தங்கினோம். அதன் களைப்பைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் கூடுதலாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆகமன காலம் தொடங்கிய வாரத்தில், கிறிஸ்துமஸுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் நாட்களில், ஆப்பரேசன் நடந்தது.

கண் விழித்த மறுநாள் தாதி போர்வையை விலக்கிக் காட்டினார். இடது பக்கத்தில், தொப்புளுக்குச் சற்றுத் தள்ளி, ஈரமான சிவப்பில் ஒரு மொட்டு. ஒளி ஊடுருவும் பைக்குள் அது மெதுவாக அசைந்தது. அதற்கு வலி தெரியாது என்று தாதி சொன்னார். தொட்டுப் பாருங்கள் என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஜெயராணி தொட்டுப் பார்த்தாள்.

“சூடா இருக்கு,” என்றாள், குழந்தையைத் தொட்டவளைப்போல.

இந்த வாய்க்கு மூடத் தெரியாது. நேரம் காலம் தெரியாது. நாம் பேசும்போதும் சாப்பிடும்போதும் ஜெபிக்கும்போதும் அது தன் வேலையைச் செய்யும், சத்தமும் போடும். முதல் மாதங்களில் பை இரண்டு தடவை கழன்றது. ஒரு தடவை ஹட்டன் பஸ்ஸில். அதை விவரிக்க மாட்டேன். இந்தப் பை உள்ளவர்களுக்குத் தெரியும், இல்லாதவர்களுக்குத் தேவையில்லை. பையைத் தோலில் தாங்கும் அடிப்பட்டையை ஒட்டும் முன் தோலை நன்றாக உலர்த்துங்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். எங்கள் மலையின் குளிர் காலத்தில் தோல் உலர்ந்ததுபோல இருக்கும், உலர்ந்திருக்காது.

பை மாற்ற ஜெயராணியை விடவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு நானே மாற்றினேன். மாற்றிவிட்டுக் கையை முகர்ந்து பார்த்தேன். மறுபடி கழுவினேன். ஒரு நாள் அப்படி முகரும்போதுதான், இதே அசைவை வேறொருவரிடம் பார்த்திருக்கிறேன் என்று உணர்ந்தேன். குளியலறை முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

சபைக்குப் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கும் போகவில்லை. உடம்பு முடியவில்லை என்று சொல்லி அனுப்பினேன். உடம்புக்கு முடிந்துகொண்டுதான் இருந்தது. மருந்தேற்றும் சிகிச்சையின் நடுவே நல்ல நாட்களும் இருந்தன.

போதகர் வீட்டுக்கே அப்பமும் பாத்திரமும் கொண்டுவந்தார். சின்னப் பாத்திரம், எனக்கு மட்டும். அது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை. குடித்து முடித்ததும் கேட்டேன்.

“ஐயா, ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது. உயிர்த்தெழுறப்ப இதுவும் கூட வருமா?” வயிற்றைக் காட்டினேன்.

அவர் சிரிக்கத்தான் செய்தார். “எங்க வீட்டம்மா இதத்தான் என் கட்டுப்பல்லப் பத்திக் கேட்டுக்கிட்டு இருக்காங்க, சேர். அது அங்கயும் ராத்திரிக்குத் தண்ணியில கெடக்குமான்னு.”

பிறகு பாத்திரத்தைத் துணியால் துடைத்தார். “தெரியாதுங்க. புது உடம்புன்னுதான் நம்புறோம். ஆனா ஆண்டவர் எழும்பி வந்தப்ப காயத்தோடதானே வந்தாரு? வெலாவுல குத்துன எடம் அப்பிடியே இருந்துச்சே. சாவு போயிருச்சு, தழும்பு போகல. ஏன்னு எனக்கும் தெரியல.”

அந்த வேதபகுதியை ஒவ்வொரு வருடமும் சபையில் வாசிப்பவன் நான். சீடர்கள் பயந்துபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். அவர் வந்து நின்று கைகளையும் விலாவையும் காட்டுகிறார். ஏன் காட்டினார் என்று நான் கேட்டதே இல்லை.

லெந்து மறுபடி வந்தது. ஸ்டெல்லா அக்கா ஒவ்வொரு ஞாயிறும் ஜெயராணியிடம் ஒரு செய்தி சொல்லி அனுப்புவார். எங்கள் சபையின் முன்வரிசைக்கு அவர்தான் சொந்தக்காரர். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மாவாக இருந்தவர். வாய் அதிகம்.

“தம்பிய வரச் சொல்லு. இங்க பயலுக வேதத்த எழுத்துக்கூட்டி வாசிக்கிறானுக. கேக்கிற ஆண்டவருக்கே கொட்டாவி வருது.”

பெரிய வெள்ளிக்கிழமை மாலை, ஞாயிறு போகிறேன் என்று ஜெயராணியிடம் சொன்னேன். அவள் தளர்வான சட்டையொன்றைத் தேடி எடுத்து அயர்ன் பண்ணினாள்.

நான் தயாரானேன். சனிக்கிழமை, வாயு சேர்க்கும் பருப்பும் வெங்காயமும் முட்டைக்கோவாவும் தொடவில்லை. மாலைக்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லை. புதுப் பை ஒட்டி, ஓரங்களை அழுத்தி, மேலே பருத்திப் பட்டை கட்டினேன். வாடை, சத்தம், கசிவு எல்லாவற்றையும் யோசித்தேன். வாசலை யோசிக்கவில்லை. நானே போட்ட ஏற்பாட்டை நானே மறந்துபோனேன்.

பனி விலகாத காலை. ஆலயத்து வாசலில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. வரிசையின் முனையில் சீருடையைப் பார்த்ததும் என் கால்கள் நின்றன. திரும்பிப் போயிருக்கலாம். அதற்குள் பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். “சேர் வந்துட்டாரு, சேர் வந்துட்டாரு,” என்று கை கொடுத்தார்கள்.

என் முறை வந்தது. இளம் சிங்கள ஆமிக்காரர். தோள், அக்குள், விலா என்று அவர் கை இறங்கியது. இடது பக்கத்தில் நின்றது. மறுபடி தொட்டது. அவர் முகம் மாறியது. ஓரடி பின்னால் போனார்.

“மேக்க மொகத்த, மாத்தயா?” இது என்ன ஐயா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் குரல் மெலிந்திருந்தது.

என் பின்னால் பேச்சு நின்றது. இந்த நாட்டில், அந்த ஞாயிறன்று, ஆலய வாசலில் ஒருவன் சட்டைக்குள் எதையோ கட்டிக்கொண்டு நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பிறந்ததிலிருந்து என்னைத் தெரிந்தவர்கள் அவர்கள். அவர்களில் ஒரு தாய் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்ததைப் பார்த்தேன். அவள் என் மாணவி. என்னைப் பார்த்து அவள் பயந்தாள்.

எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் ஒரு சொல்லும் வரவில்லை.

பெண்கள் வரிசையிலிருந்து ஸ்டெல்லா அக்காவின் குரல் கேட்டது. “புதே, பய வென்ட எப்பா! ஏக்க கக்கா பேக் எக்கக்!” மகனே, பயப்படாதே, அது கக்காப் பை. பிறகு தமிழில், எல்லாருக்குமாக: “சேருக்கு வயித்துல ஆப்பரேசன். அதுக்கு ஏன்டா எல்லாரும் பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க?”

பிள்ளைக் காம்பராவின் சொல் அது. இரண்டு மொழியிலும் ஒரே சொல். மலை முழுவதும் கேட்டிருக்கும். என் முகம் எரிந்தது. காலுக்குக் கீழே மண் சரிந்து என்னை மூடினால் போதும் என்றிருந்தது.

ஆனால் ஆமிக்காரர் இன்னும் நகரவில்லை. அவர் கண்ணில் பயம் அப்படியே இருந்தது. ஒரு கிழவி சொன்னாள் என்று விட்டுவிட முடியாது. விதிவிலக்கு இல்லை என்பது என் ஏற்பாடு. பிள்ளையைப் பிடித்திருந்த தாயின் கையும் தளரவில்லை. சொல்லால் இந்தப் பயம் போகாது என்று புரிந்தது.

நான் சட்டையைத் தூக்கினேன். பட்டையை இறக்கினேன். குளிர் காற்று வயிற்றில் பட்டது. பை தெரிந்தது, அதற்குள் சிவப்பு வாய் தெரிந்தது. அது வழக்கம்போல மெதுவாக அசைந்தது.

ஆமிக்காரர் பார்த்தார். மூச்சை விட்டார். “சமாவென்ன, மாத்தயா,” என்றார். மன்னிக்கச் சொன்னார். ஒரு கையில் சட்டையைப் பிடித்திருந்ததால் பட்டையை ஏற்ற முடியவில்லை. அவர் குனிந்து, அதை ஏற்றிவிட்டு, சட்டையை இழுத்துச் சரிசெய்தார். தாய் பிள்ளையை விட்டாள். பின்னால் நின்றவர் கைகளை விரித்தார். வரிசை நகர்ந்தது.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் பூட்டிய அறையில் ஆண்டவர் தம் காயத்தை ஏன் காட்டினார் என்பது எனக்குப் புரிந்தது. இதைப் பெரிய விளக்கமாகச் சொல்லவில்லை. பயந்தவர்களின் பயம் போகக் காட்டினார். நான் செய்ததை அதோடு ஒப்பிட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் அந்தப் பக்கத்தை நான் அந்த வாசலில்தான் வாசித்தேன்.

வெட்கம் போய்விட்டதா என்றால், இல்லை. எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்ற எரிச்சல் பாட்டு முழுவதும், ஜெபம் முழுவதும் இருந்தது. திருவிருந்து வந்தது. கொரோனாத் தொற்றுக் காலத்தில் நிறுத்தியிருந்த பொதுப் பாத்திரம் திரும்ப வந்திருந்தது. வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். நான் எழவில்லை. எல்லாரும் குடித்து முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். எங்கே கற்றேன் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

ஜெயராணி போய்விட்டு வந்தாள். வரிசைகள் காலியாகி, திரும்ப நிறைந்தன. முன்வரிசையில் ஸ்டெல்லா அக்கா மட்டும் எழாமல் இருந்தார். எப்போதும் பெண்களில் முதலாவதாகப் போகிறவர். திரும்பி என்னைப் பார்த்தார்.

“போ, தம்பி.”

“நீங்க போங்கக்கா.”

“நான் ஒனக்குப் பின்னாலதான்.”

போதகர் பாத்திரத்தோடு காத்து நின்றார். சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய்க் குனிந்து, “முழங்கால் வலியா?” என்று கேட்டேன்.

“வலியுமில்ல, கிலியுமில்ல.” அவருக்கு இரகசியம் பேசத் தெரியாது, ஆனால் அப்போது குரலை இறக்கினார். “ஒங்கப்பாவுக்குப் பின்னால ஒருத்தரும் போகல. நானும் போகல. அப்ப நான் கொமரி, எங்க வீட்டுல விட மாட்டாங்கன்னு இருந்துட்டேன். அவருக்கு இனிப் பின்னால போக முடியாது. ஒனக்குப் பின்னால போறேன். என்னா, தடுப்பியா?”

வெட்கம் என் வீட்டில் மட்டும் குடியிருந்தது என்று நினைத்திருந்தேன். இத்தனை வருடம் அது அந்த முன்வரிசையிலும் உட்கார்ந்திருக்கிறது.

கிராதியில் முழந்தாளிட்டேன். பின்புறத் தையல் இழுத்தது. பை சத்தம் போட்டது. கருங்கல் ஆலயத்தில் நன்றாகவே கேட்டது. பக்கத்தில் முழந்தாளிட்ட ஸ்டெல்லா அக்கா, “அதுவும் ஆமென் சொல்லுது,” என்றார். போதகரின் கட்டுப்பல் சிரிப்பில் தெரிந்தது. பாத்திரம் என் உதட்டுக்கு வந்தது. அங்கிருந்து அவர் உதட்டுக்குப் போனது.

மீதியைப் போதகர் குடித்தார். அது எப்போதும் உள்ள வழக்கம். அப்பாவின் காலத்திலும் அப்படித்தான். அப்பாவுக்குப் பிறகு பாத்திரத்தில் மிஞ்சியதை அப்போதைய போதகர்தான் குடித்திருப்பார். சபையின் சரித்திரத்தை எழுதியவன் இதைக் கவனித்ததில்லை.

சிகிச்சை முடிந்துவிட்டது. நோய் திரும்புமா என்று பார்க்க இன்னும் கண்டிக்குப் போய் வருகிறேன். திரும்பினால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. இப்போது கதவைப் பூட்டுவதில்லை. பை மாற்றும்போது ஜெயராணி வாசலில் நின்று மீன்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருப்பாள். கையை இன்னும் முகர்ந்து பார்க்கிறேன். அந்தப் பழக்கம் போகவில்லை. அது எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது என்பதால், போகாவிட்டாலும் பரவாயில்லை.

முன்பு என் நாட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் இருந்தது. இந்த வாய்க்கு எண் தெரியாது. அது வேலை செய்தால் நான் உயிரோடு இருக்கிறேன், அவ்வளவுதான். யாரும் நிறுத்துப் பார்க்காமல் காலையில் கிடைக்கிறது இன்னொரு நாள். வாங்கிக்கொள்கிறேன். இன்னும் கொஞ்சம் கூச்சத்தோடுதான் வாங்கிக்கொள்கிறேன்.

அப்பாவின் கல்லறை ஆலயத் தோட்டத்தின் கீழ் ஓரத்தில், கானுக்குப் பக்கத்தில் இருக்கிறது. புது உடம்பு எப்படி இருக்கும் என்று போதகருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. வாயோ பையோ இல்லாமல் நான் எழும்பலாம். ஆனால் ஆண்டவரின் விலாவில் ஒரு தழும்பை விட்டுவைக்க முடியுமானால், எனக்கும் இடது பக்கத்தில் ஒரு சின்ன அடையாளம் இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறேன். அப்பாவிடம் சட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அவர் முகத்தைத் திருப்ப மாட்டார்.